வெயில் தணிந்த பிறகு வந்த செலவு

2024 சித்திரையும் வைகாசியும் என் மாட்டுக் கட்டுத்தறையிலிருந்து எடுத்துக்கொண்டு போனது 80,000 ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பகுதி வெயில் கொளுத்திய நாட்களில் போகவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். ஆனி பிறந்து காற்று வீசத் தொடங்கி, ஊரே மூச்சு விட்ட பிறகு, ஆடியிலும் ஆவணியிலும் ஒவ்வொன்றாகப் போனது. மாட்டுக்கு வெயில் என்றால் பால் குறையும், மழை பெய்தால் ஏறிவிடும் என்று மட்டும்தான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். மாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது, அது எத்தனை மாதம் கழித்து வெளியே தெரியும் என்று சொல்ல ஆள் இல்லை. கறவை மாடு வைத்திருப்பவர்கள், அதிலும் துணைக்கு ஆளில்லாமல் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவர்கள், பங்குனிக்குள் இதைப் படித்துவிட்டால் நல்லது.

ஈரோடு மாவட்டம், பெருந்துறைக்குத் தெற்கே எங்கள் ஊர். கணவர் லாரி ஓட்டுகிறார். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மாடு, பால், பால் கூட்டுறவுச் சங்கம், தீவனக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. அப்போது நான்கு மாடுகள் நின்றன. கருங்கல்பாளையம் சந்தையில் 72,000 ரூபாய்க்கு வாங்கிய எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற குளிர்நாட்டு இனம்) கலப்பினம் கறுப்பி, மாசியில் ஈன்று நாளைக்கு 18 லிட்டர் கறந்துகொண்டிருந்தது. இன்னொரு எச்.எஃப். கலப்பினம் புள்ளி, சினை ஊசிக்கு, அதாவது செயற்கைக் கருவூட்டலுக்கு, காத்திருந்தது. ஜெர்சிக் கலப்பினமான செவலை நிறைசினை. ஆனியில் ஈன வேண்டியது, கறவை வற்றியிருந்தது. நான்காவது மாமியாருடைய காங்கேயம் மாடு மயிலை. அது நாளைக்கு இரண்டு லிட்டர் தருவதே பெரிது. “இதை எதற்கு அத்தை வைத்திருக்கிறீர்கள்?” என்று நான் கேட்காத மாதம் இல்லை.

ஏப்ரல் கடைசியில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. அக்னி நட்சத்திரம் அப்போது தொடங்கக்கூட இல்லை. பகல் வெயிலைவிட மோசம் இரவுதான். மாடு பகலில் உடம்பில் ஏறும் சூட்டை இரவுக் குளிரில்தான் இறக்கி வைக்கும். இரவும் புழுங்கினால் நேற்றைய சூட்டின் மேல் இன்றைய சூடு ஏறும். தகரக் கூரைக்குக் கீழே அது இன்னும் அதிகம். விடியற்காலை கறக்கப் போகும்போதுகூட உள்ளே அனல் தேங்கி நிற்கும்.

முதலில் மாறியது பால் அல்ல, மாட்டின் நடத்தை. கறுப்பி படுப்பதை நிறுத்தியது. படுத்தால் உடம்பின் ஒரு பக்கம் தரையோடு ஒட்டிவிடும், காற்றுப் படாது. அதனால் சூடு தாங்காத மாடு நின்றுகொண்டே இருக்கும். பிறகு தண்ணீர்த் தொட்டியை விட்டு நகர மறுத்தது. பிறகு வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. கோமாரியோ என்று பயந்து நாக்கையும் குளம்பையும் பார்த்தேன், புண் எதுவும் இல்லை. இதெல்லாம் நடந்து சில நாள் கழித்துத்தான் பால் 18 லிட்டரிலிருந்து 13, 11 என்று இறங்கியது. மயிலையோ அதே நேரத்தில் வேப்ப மரத்தடியில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு அசை போட்டது. காங்கேயத்துக்கு மெல்லிய தோல், குட்டை மயிர், தொங்கும் அலைதாடி, கூடுதல் வியர்வை. அதோடு கறக்கும் பாலும் குறைவு என்பதால் உடம்பில் உற்பத்தியாகும் சூடும் குறைவு. 25 டிகிரி வரைக்கும் சுகமாக இருக்கும் குளிர்நாட்டு ரத்தம் ஓடும் மாட்டையும் இதையும் ஒரே கூரையின் கீழ் கட்டினால் வித்தியாசம் கண் முன்னே தெரியும்.

அதனால் முதல் விஷயம்: பால் அளவை வைத்து மாட்டின் நிலையைக் கணிக்காதீர்கள், மூச்சை எண்ணுங்கள். பகல் இரண்டு மூன்று மணிக்கு மாட்டின் பின்னால் சற்றுத் தள்ளி நின்று விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு 40க்குள் இருந்தால் கவலையில்லை. 60 என்றால் வெயில் உள்ளே இறங்கிவிட்டது. 80ஐத் தாண்டினால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு மாட்டைக் குளிர்விக்க வேண்டும். 100ஐத் தாண்டி, வாய் திறந்து நாக்கு வெளியே தள்ளினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. மருந்துக் கடையில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, கயிறு கட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது 101, 102 ஃபாரன்ஹீட் இயல்பு. 103ஐத் தாண்டினால் கவனம். 106 உயிருக்கு ஆபத்து.

பால் குறைந்ததும் யோசனைகள் வந்து குவிந்தன. தீவனக் கடைக்காரர், பாலைப் பிடித்து நிறுத்த மக்காச்சோள மாவைக் கூட்டச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்து அக்கா கம்மங்கூழ் கரைத்து ஊற்றச் சொன்னார், உடம்புக்குக் குளிர்ச்சி என்று. பெரியப்பா ஒருவர், ஊர்க் கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றையும் கஞ்சியையும் கொண்டுவந்தே கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் நல்ல மனது. மாடும் காய்ந்த சோளத்தட்டைத் தொடாமல், மாவையும் கூழையும் மட்டும் உறிஞ்சிக் குடித்தது. ஏதோ வயிற்றுக்குள் போகிறதே என்ற நிம்மதி எனக்கு.

நமக்குக் குளிர்ச்சியானது மாட்டுக்கும் குளிர்ச்சி என்ற கணக்கு எவ்வளவு தவறானது என்பதைச் சாணிதான் முதலில் காட்டியது. நல்ல சாணி தரையில் விழுந்தால் அடுக்கடுக்காக, நடுவில் சிறு குழியோடு நிற்கும். கறுப்பியின் சாணி தண்ணீராகப் பரவியது, மேலே நுரைக்குமிழி, நடுவில் செரிக்காத மக்காச்சோளத் துணுக்குகள், நாற்றத்தில் ஒரு புளிப்பு. அசை போடுவதோ கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. நலமான மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். ஒரு கவளத்தை ஐம்பது அறுபது முறை மெல்லும். கறுப்பி இருபது முப்பது முறை மென்று விழுங்கிவிட்டு வெறித்துப் பார்த்தது.

மே நடுவில் கோடை மழை வந்தது. ஊரே கொண்டாடியது. மறுநாள் வெயில் 34 டிகிரிதான். ஆனால் மண்ணிலிருந்து ஆவி எழும்பி, காற்றே இல்லாமல் புழுங்கியது. அன்று பகல் கறுப்பி கழுத்தை நீட்டி, நாக்கைத் தொங்கவிட்டு, உடம்பு முழுக்க ஆட மூச்சு வாங்கியது. 40 டிகிரியில் நின்ற மாடு 34 டிகிரியில் ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. பிறகு டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். மாட்டுக்கு வெப்பத்தை மட்டும் பார்க்கக் கூடாது, ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரு குறியீடு இருக்கிறது. அது 72ஐத் தாண்டினாலே அதிகப் பால் தரும் மாட்டுக்குச் சிரமம் தொடங்கும். 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் குறியீடு 84க்குப் பக்கம். 34 டிகிரியில் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 86. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வையும் ஆவியாகாது, மூச்சு வழியாகவும் சூடு இறங்காது. கோடை மழைக்கு மறுநாள் மாட்டை விட்டுவிட்டு வெளியூர் போகாதீர்கள்.

அன்று நான் செய்தவை பாதி பயத்தில், பாதி கேள்வி ஞானத்தில். குழாயை எடுத்துத் தண்ணீர் அடித்தேன். மூன்று பக்கமும் அடைத்த கொட்டகையில் தண்ணீர் மட்டும் அடித்தால் என்ன ஆகும்? உள்ளே ஈரம் ஏறி, இன்னும் புழுங்கியது. மூச்சு இறங்கவே இல்லை. மாமியார்தான் “வெளியே இழு, காற்றுக்கு இழு” என்று கத்தினார். வேப்ப மரத்தடிக்கு இழுத்து வந்து, வீட்டு மின்விசிறியை ஒயர் போட்டு வெளியே கொண்டுவந்து வைத்து, நனைப்பதும் காற்றில் உலர விடுவதுமாக மாற்றி மாற்றிச் செய்தபோதுதான் கொஞ்சம் தணிந்தது. உடம்பை நனைப்பது பாதி வேலை, நனைந்த உடம்பிலிருந்து தண்ணீரைக் காற்று எடுத்துக்கொண்டு போவது மீதிப் பாதி. தோல் வரைக்கும் நனைய வேண்டும். மயிர் நுனியில் பனிபோல் படியும் தெளிப்பு போதாது. ஈரச் சாக்கை முதுகில் போட்டுவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறேன். காற்றில்லாத இடத்தில் சாக்கு சூடாகிப் போர்வையாக மாறிவிடும்.

அதற்குள் ஒருவர் மூங்கில் குழாயோடு மோரும் வெங்காயமும் கொண்டு வந்துவிட்டார், தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவதற்கு. அந்த நேரம் டாக்டர் தொலைபேசியில் இருந்தார். “அம்மா, வாய் வழியாக ஒரு சொட்டுகூட ஊற்ற விடாதீர்கள். இப்படி இரைக்கும் மாடு விழுங்காது, நுரையீரலுக்குப் போய்விடும். வாளியில் வையுங்கள், அதுவே குடித்தால் குடிக்கட்டும்” என்றார். வந்தவருக்கு முகம் சுண்டிப்போனது. மனத்தாங்கலை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம். புரையேறி நுரையீரலில் சளி கட்டினால் மாட்டை மீட்பது கடினம். உங்கள் ஊர் மருந்தகத்து டாக்டர் கிடைக்கவில்லை என்றால் 1962 என்ற கால்நடை அவசர எண் இருக்கிறது. அதைக் கொட்டகைத் தூணிலேயே எழுதி வையுங்கள். பதற்றத்தில் எந்த எண்ணும் நினைவுக்கு வராது.

டாக்டர் வந்தபோது வெப்பநிலை 106ஐத் தொட்டிருந்தது. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் கையை முட்டியாக்கி அழுத்திப் பார்த்தார். நல்ல மாட்டுக்கு அங்கே நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு புரண்டு கையைத் தள்ளும். கறுப்பிக்கு அசைவே இல்லை. ரத்தக் குழாயில் குளுக்கோஸும் உப்பு நீரும் ஏற்றினார். பாட்டிலை உயர்த்திப் பிடித்து நிற்க வேறு யாரும் இல்லாததால் நானே நின்றேன். கை மரத்துப்போகும் வரை நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் பதில் சொன்னார்.

மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஒரு நொதிப்புத் தொட்டி. கோடையில் தோசை மாவு ஒரே இரவில் பொங்கிப் புளிப்பதுபோல் அங்கேயும் நுண்ணுயிர்கள் தீனியை ஓயாமல் புளிக்க வைக்கின்றன. அதில் அமிலமும் உண்டாகும், சூடும் உண்டாகும். உடம்பை விட அந்த வயிறு எப்போதும் ஒரு டிகிரி அளவுக்குச் சூடாகவே இருக்கும். அந்த அமிலத்தை அடக்குவது எச்சில். அசை போடும்போது ஊறும் எச்சிலில் சோடா உப்பு (சமையல் சோடா) கலந்திருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் மேல் ஊறி உள்ளே இறங்கும். வெயில் இந்த ஏற்பாட்டைப் பல பக்கத்திலிருந்து உடைக்கிறது. மாடு இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். ரத்தத்தின் காரத்தன்மை ஏறும். அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் சோடா உப்பைச் சிறுநீரில் கொட்டித் தள்ளும். அப்புறம் எச்சிலுக்குப் போக உப்பு ஏது? ஊறிய கொஞ்ச எச்சிலும் வாய் வழியே தரையில் வடிந்துவிடும். அசையும் குறைந்துவிடும், அதனால் ஊறுவதும் குறையும். மாடு சோளத்தட்டை ஒதுக்கி மாவை மட்டும் தின்றால் அமிலம் இன்னும் கூடும். பகலில் ரத்தம் காரமாக, வயிறு அமிலமாக, ஒரே மாட்டுக்குள் இரண்டு எதிரெதிர்க் கோளாறு. கூழும் சோறும் மக்காச்சோள மாவும் சீக்கிரம் புளிக்கும் மாவுச்சத்து. அவை அந்த நேரத்தில் எங்கே போய் நின்றன என்று நானே ஊகித்துக்கொண்டேன்.

அடுத்து குடல். சூட்டை வெளியேற்ற உடம்பு ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது. அந்த ரத்தம் குடலுக்குப் போக வேண்டியது. ரத்தமும் பிராணவாயுவும் குறைந்த குடல் சுவர் தளர்ந்து, செல்களுக்கு நடுவே இடைவெளி விடும். உள்ளே செத்த பாக்டீரியாக்களின் நச்சு அந்த இடைவெளி வழியே ரத்தத்தில் கசியும். கல்லீரல் அதை வடிகட்டப் போராடும். நோய் எதிர்ப்பு அணுக்கள் பாலுக்குப் போக வேண்டிய சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கும். வெயிலில் தீனி குறைவதால்தான் பால் குறைகிறது என்று நினைத்திருந்தேன். குறையும் பாலில் ஏறக்குறைய பாதிக்குத்தான் தீனி காரணம், மீதி இந்த உள்குழப்பம் என்றார். வியர்வையில் மனிதனுக்குப் போவது பெரும்பாலும் சோடியம், மாட்டுக்குப் போவது பெரும்பாலும் பொட்டாசியம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். கிளம்பும்போது, “பிழைத்துவிடும், ஆனால் குளம்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள்” என்றார். வயிற்றுக்கும் குளம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தெம்பு எனக்கு அப்போது இல்லை.

அவர் சொல்லி நான் மாற்றியவை இவை, உங்களுக்கும் பொருந்தும். தீனி நேரம் முதலில். தின்ற மூன்று நான்கு மணி நேரத்தில் வயிற்றுச் சூடு உச்சத்துக்குப் போகும். காலை ஒன்பது மணிக்கு வயிறு நிறையத் தின்ற மாட்டுக்கு உள்சூடும் வெளிச்சூடும் ஒரே நேரத்தில் மோதும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பங்கு, மாலை ஆறு மணிக்கு மேல் இரண்டு பங்கு என்று பிரித்தேன். இரவு பத்து மணிக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தட்டு அள்ளிப் போடுவது சிரமம்தான். பலன் அதில்தான் இருந்தது. அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்தேன். தட்டை முற்றிலும் நிறுத்தக் கூடாது, அசை போட வைப்பது அதுதான். பொடிப்பொடியாக அரைக்காமல் விரல் நீளத்துக்கு நறுக்கி, கம்பு நேப்பியர் பசும்புல்லோடு கலந்து தண்ணீர் தெளித்துப் போட்டால் தின்கிறது. சோடா உப்பு, கறுப்பியின் எடைக்கு நாளைக்கு 100 கிராம், இரண்டாகப் பிரித்துத் தீவனத்தில். உங்கள் மாட்டுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தாது உப்புக் கலவையும் சாப்பாட்டு உப்பும் தனியாக. கூழும் சோறும் அறவே நிறுத்தம். உறவுக்காரர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

தண்ணீர் விஷயத்தில் பலர் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். வெயிலில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து குழாய் வழியே பகலில் வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், சுடும். கறவை மாடு கோடையில் நூறு லிட்டருக்கும் மேல் குடிக்கக் கூடியது. பாலில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான். சூடான தண்ணீரைப் பாதி குடித்துவிட்டுத் தலையை எடுத்துவிடும். தொட்டியை நிழலுக்கு மாற்றி, ஈரச் சாக்கு சுற்றினேன். செலவு எதுவும் இல்லை. தகரக் கூரை மேல் தென்னங்கீற்று வேய்ந்து, மேற்குச் சுவரின் மேல்பாதியை இடித்துக் காற்றுக்கு வழி விட்டு, இரண்டு பெரிய மின்விசிறி மாட்டியதில் 14,000 ரூபாய் ஆனது. இந்தப் பணத்தை நான் இழப்பில் சேர்க்கவில்லை.

கறுப்பி எழுந்துவிட்டது. ஆனியில் காற்று வந்தது, தீனியும் எடுத்தது. பால் 14 லிட்டர் வரை ஏறியது, பழைய 18 திரும்பவே இல்லை. சங்கத்தில் பாலில் கொழுப்பு குறைந்துவிட்டது என்று சொல்லி விலையைப் பிடித்தார்கள். தண்ணீர் கலக்கிறேனோ என்ற பார்வை வேறு. வயிறு அமிலமாக இருந்தால் பாலில் கொழுப்பு இறங்கும், அதற்கு மாடுதான் காரணம் என்று பால் ஊற்றும் வரிசையில் நின்று யாரிடம் விளக்குவது? அழுகையும் கோபமுமாக வீடு திரும்பிய காலைகள் உண்டு. கணவரிடம் தொலைபேசியில் சொன்னால், “வெயில்தான் போய்விட்டதே, இன்னும் என்ன?” என்பார்.

ஆடியில் கறுப்பி பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. முதுகு வளைந்தது. குளம்பைச் சீவிப் பார்த்தபோது உள்ளே ரத்தக் கட்டும் அடிப்புண்ணும். டாக்டர் வைகாசியில் சொன்னது அப்போதுதான் விளங்கியது. வயிற்று அமிலமும் குடல் நச்சும் குளம்புக்குள் இருக்கும் மெல்லிய ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். கெட்ட இடத்தில் வளரும் குளம்பு நலிந்துதான் வளரும். அது தேய்ந்து வெளியே தெரிய இரண்டு மாதம் வரை ஆகும். வெயில் நாட்களில் படுக்காமல் நின்ற பாரமும் அதே குளம்பின் மேல்தான் இறங்கியிருந்தது. கட்டுப் போட்டு, மருந்து போட்டுப் பார்த்தேன். நொண்டும் மாடு தீனித் தொட்டிக்குப் போவதையே குறைத்துக்கொள்ளும், பால் மறுபடி இறங்கும். மருத்துவச் செலவு மொத்தம் 9,500 ரூபாய் ஆன பிறகு, 36,000 ரூபாய்க்கு விற்றேன். வாங்கிய விலையில் சரிபாதி.

புள்ளியின் கதை வேறு. வெயிலில் அது பெரிதாகத் துன்பப்பட்டதுபோல் தெரியவில்லை. பால் இரண்டு லிட்டர் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் பருவ அறிகுறியே கண்ணில் படவில்லை. கத்தல் இல்லை, தாவல் இல்லை. மழைக்குப் பிறகு அறிகுறி தெரிந்து ஊசி போட்டால் சினை நிற்கவில்லை. அடுத்த முறையும் நிற்கவில்லை. சினைப்பையில் ஒரு முட்டை பக்குவமாக நாற்பது ஐம்பது நாள் ஆகும், வைகாசி வெயிலில் வெந்த முட்டைதான் ஆனி, ஆடியில் வெளிவருகிறது என்று டாக்டர் சொன்னார். ஐப்பசியில்தான் சினை நின்றது. நடுவில் வெறும் வயிற்றோடு நின்ற மாதங்களுக்குப் போட்ட தீனி மட்டும் 12,000 ரூபாய் இருக்கும். ஊசி போடுபவரையும் ஊசியையும் குறை சொல்லிக்கொண்டு ஆள் மாற்றி ஆள் கூப்பிடுபவர்கள், முதலில் இரண்டு மாதத்துக்கு முன் வெயில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு அதிக வியப்புத் தந்தது செவலைதான். கறவை வற்றிய மாட்டுக்கு வெயில் என்ன செய்யும் என்று யாருமே அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மின்விசிறி கறக்கும் மாட்டுக்கு, வற்றிய மாட்டுக்கு வெளியே கிடைத்த நிழல். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். ஆனால் ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில்தான் மடிக்குள் பால் சுரக்கும் செல்கள் புதிதாகப் பெருகுகின்றன. அந்த நேரத்தில் சூடு தாக்கினால் பெருக்கம் குறையும். கருப்பைக்குப் போகும் ரத்தமும் குறையும். செவலை ஈன்ற கன்று கையில் தூக்கும்போதே இலேசாக இருந்தது. சீம்பால் கொடுத்தும் அடிக்கடி கழிச்சல். போன ஈத்தில் 12 லிட்டர் கறந்த மாடு இந்த ஈத்து முழுக்க ஒன்பதைத் தாண்டவில்லை. இந்த இழப்பை நான் 80,000 ரூபாய்க் கணக்கில் சேர்க்கவே இல்லை, எப்படிச் சேர்ப்பது என்று தெரியாததால்.

மாடு வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சந்தையில் மடியையும் பல்லையும் பார்ப்பதோடு, எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். குளிர்ந்த மேட்டு ஊரிலிருந்து மாசி, பங்குனியில் இறக்கிய மாடு நம் சித்திரைக்குப் பழக நேரம் இருக்காது. 18 லிட்டர் மாடு ஒன்றை விட ஒன்பது லிட்டர் மாடு இரண்டு கோடையில் எளிதாகத் தாங்கும்; அதிகப் பால் என்றால் அதிகத் தீனி, அதிக உள்சூடு. எருமை வைத்திருப்பவர்கள் கறுப்புத் தோல் தாங்கும் என்று நினைக்க வேண்டாம், அதற்கு வியர்வைச் சுரப்பி குறைவு. குட்டையோ குழாய்த் தண்ணீரோ இல்லாமல் அது கோடையைக் கடப்பது கடினம். கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது, இரைத்தே தீர வேண்டும். அதே கரியமில வாயு இழப்பினால் முட்டை ஓடு மெலிந்து போகும். கோடையில் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், மாட்டை வண்டியில் ஏற்றுவது எதுவானாலும் விடிந்ததும் முடித்துவிடுங்கள், பதினோரு மணிக்கு மேல் தொட வேண்டாம்.

இப்போது நான் சினை ஊசியை மார்கழி, தை, மாசிக்குள் போட்டு முடிக்கப் பார்க்கிறேன். குளிரில் சினை பிடிப்பதும் எளிது. மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாள். தையில் பிடித்தால் ஐப்பசியில் ஈனும். உச்சப் பால் கார்த்திகை, மார்கழியில் வந்துபோகும், சித்திரைக்குள் கறவை தானாகவே தணிந்திருக்கும், வற்றும் காலமும் அக்னி நட்சத்திரத்தில் விழாது. தப்பிய மாடுகளுக்குக் கோடை வெயிலின் பாதிப்பு தீரும் வரை காத்திருக்கிறேன். நடுவில் பருவத்துக்கு வந்தாலும் போடுவதில்லை. மாதக்கணக்கில் வீண் என்று மாமியார் முணுமுணுக்கிறார். புள்ளிக்கு ஆன செலவுக் கணக்கு நோட்டில் இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன்.